முப்பது வயதில் முதலாம் வருட மாணவர்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, பிள்ளை எந்தப் பிரிவு என்பதுதான். உயிரியல் என்றால் கேட்பவரின் முகம் மலரும். கலை என்றால் ஒரு கணம் மௌனம் நிலவும். நான் கலைப்பிரிவில் கற்பவள். சிறு வயதில் டாக்டராகப் போகிறேன் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் நானே. அதனால்தான், தத்துவமும் இறையியலும் இசையும் கற்ற ஒருவர் முப்பது வயதில் மருத்துவம் படிக்கப் புறப்பட்ட வரலாறு என் மனதில் ஆழமாகப் பதிந்தது. அவர்தான் அல்பேர்ட் சுவைட்சர்.

அவர் 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி அல்சேஸ் பிரதேசத்தின் கைசர்ஸ்பேர்க் என்னும் ஊரில் பிறந்தார். இன்று பிரான்ஸுக்குரிய அப்பிரதேசம் அன்று ஜேர்மனியின் ஆட்சியில் இருந்தது. தந்தை கிறிஸ்தவப் போதகர். குன்ஸ்பாக் என்ற கிராமத்தில் அவரது இளமைக் காலம் கழிந்தது. தேவாலயங்களில் இசைக்கப்படும் ஓர்கன் வாத்தியத்தைச் சிறு வயதிலேயே வாசிக்கக் கற்றார். பின்னர் பாரிஸ் நகரில் புகழ்பெற்ற இசைக் கலைஞர் விடோரிடம் பயின்றார்.

1893இல் ஸ்ட்ராஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இறையியலையும் தத்துவத்தையும் கற்றார். இமானுவேல் கான்ட் என்ற தத்துவஞானியின் சமயச் சிந்தனைகளை ஆராய்ந்து 1899இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இறையியலிலும் உயர்பட்டம் பெற்றார். தேவாலயத்தில் போதகராகவும், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும், இறையியல் கல்லூரியொன்றின் அதிபராகவும் பணியாற்றினார். இசைமேதை பாக் பற்றி அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய பெரிய நூல் 1905இல் வெளிவந்தது. முப்பது வயதுக்குள் ஒரு மனிதர் அடையக்கூடிய பெருமைகள் பலவற்றை அவர் அடைந்துவிட்டார்.

ஆனால் அவரது உள்ளத்தில் வேறொரு தீர்மானம் ஒன்பது வருடங்களாக இருந்து வந்தது. 1896இல், இருபத்தொரு வயதில், விடுமுறைக்கு வீடு சென்றிருந்த ஒரு காலைப்பொழுதில் அவர் சிந்தித்தார். தனக்கு இத்தனை மகிழ்ச்சி கிடைத்திருக்க, மற்றவர்கள் துன்பத்தில் உழல்கிறார்களே என்ற எண்ணம் அவரை வருத்தியது. முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது, அதன் பின் மனிதருக்கு நேரடியாகச் சேவை செய்வது என்று அன்றே முடிவெடுத்தார். எந்தச் சேவை என்பது மட்டும் தெரியவில்லை. அநாதைச் சிறுவரைப் பராமரிக்க முன்வந்தார். வீடற்றவர்களுக்கும் சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கும் உதவ முயன்றார். ஆனால் அவை எதிலும் அவரது மனம் முழுமையாக நிறைவடையவில்லை.

1904இல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் சஞ்சிகையொன்று அவரது மேசைக்கு வந்தது. மத்திய ஆபிரிக்காவின் காபொன் பிரதேசத்தில் பணி செய்ய ஆட்கள் இல்லை என்ற செய்தி அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் தனது தேடல் முடிந்துவிட்டதென உணர்ந்தார். அங்கு போதகராகச் செல்வது அவருக்கு மிக இலகு. ஆயினும் அவர் அதை விரும்பவில்லை. இவ்வளவு காலமும் பேச்சாலும் எழுத்தாலும் வாழ்ந்தவர், இனிமேல் பேசாமல் கைகளால் பணி செய்ய ஆசைப்பட்டார். வைத்தியர் இல்லாமல் அம்மக்கள் படும் துன்பத்தை அறிந்து, வைத்தியராகவே செல்வதென முடிவு செய்தார்.

1905 ஒக்டோபர் 13ஆம் திகதி பாரிஸ் நகரில் சில கடிதங்களைத் தபாற்பெட்டியில் போட்டார். மருத்துவ மாணவனாகச் சேரப்போகும் செய்தியைப் பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் அக்கடிதங்கள் தெரிவித்தன. எதிர்ப்புகள் குவிந்தன. இருக்கும் திறமையைப் புதைத்துவிட்டு இல்லாததைத் தேடிப் போகிறாரே என்று நண்பர்கள் கவலைப்பட்டனர். அனுமதி கேட்டுச் சென்றபோது, மருத்துவ பீடாதிபதிக்கே இவரை மனநோய் வைத்தியரிடம் அனுப்பலாமோ என்ற எண்ணம் வந்ததாம்!

அடுத்ததாக ஒரு விதி குறுக்கே நின்றது. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு செய்யாமல் விரிவுரைகளைக் கேட்டால் பரீட்சை எழுத முடியாது. இறுதியில், பேராசிரியர்களின் சான்றிதழ்களைக் கொண்டு பரீட்சைக்குத் தோற்ற அரசாங்கம் அவருக்கு அனுமதி வழங்கியது.

தோழியரே, இந்த இடத்தை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். விதி தளர்ந்தது பதிவு விடயத்தில் மட்டுமே. பாடங்களில் எவரும் அவருக்குச் சலுகை காட்டவில்லை. கலாநிதிப் பட்டம் பெற்றவர், நூல்கள் எழுதியவர், தன்னைவிடப் பத்து வயது குறைந்த மாணவர்களோடு அமர்ந்து உடற்கூற்றியல், உடற்றொழிலியல், இரசாயனவியல், பௌதிகவியல், தாவரவியல், விலங்கியல் யாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கற்றார். மனனம் செய்வது முன்போல் இலகுவாக இருக்கவில்லை. பரீட்சை நெருங்கியபோது, கேட்கப்படும் வினாக்களைச் சேர்ந்து படிக்கும் மாணவர் குழுவொன்றில் அவரும் இணைந்துகொண்டார். பகலில் மருத்துவம் கற்றபடியே விரிவுரைகளையும் பிரசங்கங்களையும் தொடர்ந்தார். பின்னாளில் அக்காலத்தை நினைத்தபோதெல்லாம் அவருக்கு நினைவில் நின்றது தீராத களைப்புத்தான்.

1908இல் அடிப்படை மருத்துவப் பரீட்சையிலும், 1911 டிசம்பரில் இறுதிப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். இறுதிப் பரீட்சைக்கான கட்டணத்தை மியூனிக் நகரில் ஓர்கன் வாசித்துச் சம்பாதித்தார். பயிற்சிக் காலம் முடித்து, ஆய்வும் எழுதி, 1913இல் மருத்துவக் கலாநிதியானார். ஏழு வருடங்களுக்கு மேல் கடந்திருந்தன. அப்போது அவருக்கு வயது 38.

இந்தப் பயணத்தில் அவருக்குத் துணை நின்றவர் ஹெலன் பிரெஸ்லாவ். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் மகளான அவர், ஆசிரியப் பயிற்சி பெற்று, ஸ்ட்ராஸ்பேர்க் நகரின் அநாதைப் பிள்ளைகளைக் கண்காணிக்கும் பணியில் இருந்தவர். அவரும் தனது துறையை விட்டுத் தாதிப் பயிற்சி பெற்றார். 1912இல் இருவரும் திருமணம் செய்தனர். மருந்துகளும் உபகரணங்களும் நிரம்பிய 70 பெட்டிகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, 1913 மார்ச்சில் கப்பலேறினர். அதற்கான பணம் இசைக் கச்சேரிகளாலும் பாக் பற்றிய நூலினாலும் நண்பர்களின் நன்கொடைகளாலும் சேர்ந்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒகோவே நதிக்கரையிலுள்ள லம்பரெனேயை அடைந்தனர். வைத்தியசாலைக் கட்டடம் இருக்கவில்லை. பழைய கோழிக்கூடு ஒன்றைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு பூசி, அதிலேயே வைத்தியம் தொடங்கினார். மலேரியா, தொழுநோய், தூக்க நோய், வயிற்றுளைவு, குடலிறக்கம் எனப் பல நோய்களோடு மக்கள் ஓடங்களில் வந்தனர். பல நாட்கள் துடுப்பு வலித்து வந்தோரும் இருந்தனர். முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 நோயாளர்கள் வந்தனர். சத்திரசிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுத்தவர் ஹெலன். மொழிபெயர்த்தவர் ஜோசப் என்ற உள்ளூர்வாசி. முன்பு சமையற்காரராக இருந்த ஜோசப், நோயாளியின் வலியை இறைச்சித் துண்டுகளின் பெயர்களால் விளக்குவாராம். தொழில் மாறினாலும் பழைய தொழிலின் மொழி எங்கே போகும்!

1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டது. பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டில் வாழ்ந்த ஜேர்மனியப் பிரஜைகள் என்பதால் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். 1917இல் பிரான்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1918இல் நோயோடும் கடனோடும் ஊர் திரும்பினர். அந்தக் கடனை அடைக்கவும் ஓர்கனே உதவியது. ஐரோப்பிய நாடுகளில் இசைத்தும் உரையாற்றியும் பணம் சேர்த்து, 1924இல் சுவைட்சர் மீண்டும் லம்பரெனே சென்றார். சிதைந்து கிடந்த இடத்தைத் திருத்தி, பின்னர் 1927இல் புதிய இடத்துக்கு வைத்தியசாலையை மாற்றினார். உடல்நலம் குன்றிய ஹெலன் சிறு மகளோடு ஐரோப்பாவில் தங்க நேர்ந்தது. அந்தப் பிரிவையும் இச்சேவையின் விலையாகவே நாம் எண்ண வேண்டும்.

அவர் கற்ற தத்துவமும் வீண்போகவில்லை. 1915இல் ஒகோவே நதியில் படகில் சென்றபோது, எல்லா உயிர்களையும் மதித்தலே அறத்தின் அடிப்படை என்ற கருத்து அவருக்குத் தோன்றியது. பிற்காலத்தில் உலகம் அவரை அக்கருத்தாலேயே அறிந்தது. 1952ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்பு அமைக்கச் செலவிட்டார். 1957இல் அணுகுண்டுப் பரிசோதனைகளுக்கு எதிராக வானொலியில் குரல் கொடுத்தார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. ஆபிரிக்க மக்களைத் தனக்குச் சமமானவர்களாக அன்றி, வழிகாட்டப்பட வேண்டிய இளைய சகோதரர்களாகவே அவர் கண்டார். காலம் மாறிய பின்னரும் வைத்தியசாலையைப் பழைய முறையிலேயே நடத்தினார் என்ற விமர்சனமும் உண்டு. ஒரு மனிதரின் உழைப்பை மதிப்பதற்கு அவரது குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 1965 செப்டெம்பர் 4ஆம் திகதி, தனது 90ஆவது வயதில், லம்பரெனேயிலேயே அவர் காலமானார்.

எமது நாட்டில் மருத்துவபீடம் செல்ல உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கலைப்பிரிவிலிருந்து நேர்வழி கிடையாது. சுவைட்சரின் வாழ்க்கையை வாசித்ததால் அந்த விதி மாறிவிடப் போவதில்லை. அவருக்கும் குறுக்கு வழி கிடைக்கவில்லை. கலாநிதி என்ற பெருமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு முதலாம் வருட வாங்கில் அமரும் துணிவுதான் அவரிடம் இருந்தது. அதேவேளை, அவர் முன்பு கற்ற எதுவும் பாழாகவில்லை. இசை பரீட்சைக் கட்டணமானது. நூல் மருந்துப் பெட்டியானது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கலைப்பிரிவு என்று சொல்லும்போது அந்த ஒரு கணம் மௌனமாக இருக்காதீர்கள். என்ன படிக்கிறாய், எதற்காகப் படிக்கிறாய் என்று கேளுங்கள். நான் டாக்டராவேனா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் இப்போது கையிலிருக்கும் பாடத்தை முழு மனதோடு கற்பேன். நாளை வேறொரு வகுப்பில் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், அதற்கு வெட்கப்படவும் மாட்டேன்.