மைக்கேல் பாரடே

மைக்கேல் பாரடே (செப்டம்பர் 22, 1791 – ஆகஸ்ட் 25, 1867) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் வேதியியலாளரும் ஆவார். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர். மின்சுற்றுகளில் இரைச்சல் புகும் வழிகளில் முதன்மையான ஒன்றும், அதைத் தடுக்கும் முறைகள் சிலவும் இவருடைய ஆய்வுகளால் விளங்கின.

இளமை

இலண்டனுக்கு அருகில் நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வறுமையினால் பள்ளிக் கல்வி குறைவாகவே கிடைத்தது. 14 ஆம் வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812 இல் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, தம் குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813 இல் ராயல் இன்ஸ்டிடியூசனில் அவருடைய உதவியாளரானார்.

மின்காந்தத் தூண்டல்

ஆகஸ்ட் 29, 1831 அன்று இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி ஆய்வு செய்தார். ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டுமே மற்றதில் மின்னோட்டம் தோன்றியது. மின்மாற்றிக்கு அடிப்படையான இவ்விளைவே நுண்கட்டுப்படுத்திச் சுற்றுகளில் தொல்லையாகவும் அமைகிறது. அருகிலுள்ள மோட்டார் அல்லது ரிலேயின் மாறும் காந்தப்புலம், உணரியின் கம்பிகள் அமைக்கும் வளையத்தில் வேண்டாத மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. வளையத்தின் பரப்பு குறைந்தால் இதுவும் குறையும். இதனாலேயே போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்படுகின்றன.

பாரடே கூண்டு

1836 இல் மரச்சட்டத்தின் மீது செப்புக் கம்பியும் உலோகத் தாளும் பொருத்தி, ஏறக்குறைய 12 அடி பக்கமுள்ள கனசதுர அறையை அமைத்தார். அதன் வெளிப்புறத்தில் தீப்பொறி பறக்குமளவு மின்னூட்டச் செய்து, தாமே மின்காட்டிகளுடன் உள்ளே சென்றார். உள்ளே எவ்வித மின்விளைவும் காணப்படவில்லை. சுற்றுகளை உலோகப் பெட்டிக்குள் வைப்பதற்கும் உறையிட்ட கம்பிகளுக்கும் இதுவே அடிப்படை. எனினும் மெல்லிய செப்பு அல்லது அலுமினியப் பெட்டி தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்தை அதிகம் தடுப்பதில்லை. அதற்குக் கம்பிகளை முறுக்குவதும் தொலைவை அதிகரிப்பதுமே ஏற்றவை.

மின்தேக்குதிறன்

மின்கடத்தாப் பொருளுக்கேற்ப மின்தேக்குதிறன் மாறுவதை 1837 இல் விளக்கினார். அதன் அலகு இவர் நினைவாகப் பாரட் எனப்படுகிறது. நுண்கட்டுப்படுத்தியின் மின்வழங்கல் முனைகளுக்கு மிக அருகில் இணைக்கப்படும் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி, திடீர் மின்னோட்டத் தேவையை ஈடுசெய்து இரைச்சலைக் குறைக்கிறது.

இறுதிக்காலம்

பாரடே கணிதப் பயிற்சி பெறாதவர். புலக் கோடுகளாக இவர் கூறிய கருத்துகளுக்குப் பின்னர் மாக்சுவெல் கணித வடிவம் தந்தார். அரசு வழங்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்த இவர், ஹாம்ப்டன் கோர்ட்டில் காலமானார். இவரது உடல் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.