சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடர் பின்னங்கள் ஆகிய துறைகளில் இவரது பங்களிப்புகள் புகழ்பெற்றவை. தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு ஒருவரது அறிவை அளவிட இயலுமா என்ற வினாவுக்கு இவரது வாழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஈரோட்டில் பிறந்த இராமானுசன் கும்பகோணத்தில் வளர்ந்தார். 1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் செலுத்தியதால் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறி உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோதும், உடலியங்கியல் உள்ளிட்ட பாடங்களில் தேறாமையால் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியுற்றார். 1907இல் மீண்டும் எழுதியும் வெற்றி கிட்டவில்லை. பட்டம் இன்றி, நிலையான வருவாய் இன்றி, வறுமையில் வாடிய இவ்வாண்டுகளிலும் தாம் கண்ட முடிவுகளைக் குறிப்பேடுகளில் எழுதிவந்தார்.

திறமை அறியப்படல்

1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இவரது முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் ஆனார். இங்கிலாந்துக் கணித அறிஞர்கள் இருவருக்கு எழுதிப் பயன் கிட்டாத நிலையில், 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ச்சு அறிஞர் ஜி. எச். ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். ஆர்டியும் லிட்டில்வுட்டும் அதிலிருந்த தேற்றங்களை ஆராய்ந்து அவரது மேதைமையை உணர்ந்தனர். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு விதிவிலக்காக மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914இல் இங்கிலாந்து சென்ற அவர், 1916இல் ஆய்வின் வழியாகப் பட்டம் பெற்றார். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு சென்னையில் தமது 32ஆம் அகவையில் காலமானார்.

நுண்ணறிவு அளவீடும் இராமானுசனும்

இராமானுசன் கல்லூரியில் தடுமாறிய அதே காலத்தில், 1905இல், பாரிசில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சைமனும் முதல் நுண்ணறிவு அளவுகோலை வெளியிட்டனர். பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம் ஆகும். நுண்ணறிவு மாறாத ஒன்று என்ற கருத்தைப் பினே ஏற்கவில்லை. நுண்ணறிவு ஈவு என்னும் கருத்தை 1912இல் வில்லியம் இசுடேர்ன் முன்வைத்தார். இராமானுசன் இத்தகைய சோதனைக்கு உட்படுத்தப்பட்டதாகப் பதிவு ஏதும் இல்லை. ஆகவே, அவருக்குரியதாக வழங்கும் நுண்ணறிவு ஈவு எண்கள் வெறும் ஊகங்களே.

ஆர்டி கணித அறிஞர்களின் இயல்பான திறனுக்குத் தாமே மதிப்பெண் இட்டதாகக் கூறப்படுகிறது. அதில் தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, இல்பர்ட்டுக்கு 80, இராமானுசனுக்கு 100 என அளித்தார். இதுவும் ஒருவரது தனிப்பட்ட மதிப்பீடே அன்றி அறிவியல் அளவீடு அன்று. எனினும், அது இராமானுசனின் ஆய்வுகளை நேரில் கண்டறிந்த ஒருவர் அளித்த மதிப்பீடு என்பது குறிப்பிடத்தக்கது.

பல பாடங்களில் சமமான தேர்ச்சியை எதிர்பார்த்த எஃப்.ஏ. தேர்வு, ஒரே துறையில் குவிந்திருந்த ஆற்றலைக் காட்டவில்லை. நுண்ணறிவுச் சோதனைகள் பள்ளிக் கல்வியில் பெறும் வெற்றியை ஓரளவு முன்னறிவிக்கின்றன என்பது ஆய்வுகளால் அறியப்பட்டதே. ஆயினும், புதிய உண்மைகளைக் கண்டறியும் ஆக்கத்திறனை அவற்றால் முழுமையாக அளவிட இயலாது என்ற கருத்தும் உளவியலாளரிடையே உள்ளது.