வலியை வென்ற கண் மருத்துவர் கார்ல் கோலர்

சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் குழாய் பொருத்தும் அறுவைக் கூடத்தில் நான் தாதியாகப் பணிபுரிகிறேன். தங்களை முழுமையாகத் தூங்க வைத்துவிடுவோமா என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை. கழுத்தில் குழாய் நுழையும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். இந்த வழியை உலகுக்குத் திறந்துவிட்டவர் கார்ல் கோலர்.

கோலர் 1857 டிசம்பர் 3ஆம் நாள், இன்று செக் குடியரசில் உள்ள பொஹீமியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாவில் மருத்துவம் பயின்று 1882இல் பட்டம் பெற்றார். கண் அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே அவரது இலக்கு.

அப்போது ஈதர் மயக்க மருந்து புழக்கத்தில் இருந்தது. ஆனால், கண் அறுவைக்கு அது ஒத்துவரவில்லை. மயக்கம் தெளியும்போது வாந்தி வரும். அறுவை செய்த கண் பாதிக்கப்படும். கண்ணை மட்டும் மரத்துப்போக வைக்க முடியாதா என்று கோலர் தேடினார். மார்பின் உட்படச் சில மருந்துகளை விலங்குகளின் கண்ணில் இட்டுப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை.

1884இல் அவருடைய நண்பர் சிக்மண்ட் ஃபிராய்ட் கொக்கெய்ன் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அது நாக்கை மரத்துப்போகச் செய்வதைப் பலரும் அறிந்திருந்தனர். கோலரோ அதில் தம் கேள்விக்கான விடையைக் கண்டார். கொக்கெய்ன் கரைசலைத் தவளையின் கண்ணில் விட்டு ஊசியால் தொட்டார், தவளை அசையவில்லை. அடுத்து முயல், நாய். பிறகு அவரும் உடன் பணியாற்றியவரும் தங்கள் கண்களிலேயே சொட்டுவிட்டு, குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தனர். வலி இல்லை!

செப்டம்பர் 15ஆம் நாள் ஹைடெல்பர்க் நகரில் கண் மருத்துவர் மாநாடு நடந்தது. பயணச் செலவுக்குக் கோலரிடம் பணமில்லை. அவரது கட்டுரையை வேறொரு மருத்துவர் வாசித்தார். விரைவிலேயே ஐரோப்பாவும் அமெரிக்காவும் அந்த முறையைக் கையாளத் தொடங்கின.

புகழ் வந்தும் பதவி வரவில்லை. 1885 ஜனவரியில், யூதர் என்று தம்மை இழிவுபடுத்திய சக மருத்துவரைக் கோலர் அடித்தார். அது வாள் சண்டையில் முடிந்தது, எதிராளி காயமுற்றார். பின்னர் வியன்னாவை விட்டு நெதர்லாந்து சென்ற கோலர், 1888இல் நியூயார்க்கில் குடியேறிக் கண் மருத்துவராக வாழ்ந்தார். நோபெல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அது கிட்டவில்லை. 1944 மார்ச் 21ஆம் நாள் மறைந்தார்.

கொக்கெய்ன் அடிமைப்படுத்தும் நஞ்சு என்பது விரைவில் தெரியவந்தது. அதை ஆராய்ந்த மருத்துவர்கள் சிலரே அதற்கு இரையாயினர். அதனால் பாதுகாப்பான மாற்றைத் தேடினர். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் லிடோகெய்னை உருவாக்கினார். அதே ஆண்டு நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப், தாம் செய்த செயற்கைச் சிறுநீரகத்தால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார். அந்த இரண்டும் இன்று எங்கள் அறுவைக் கூடத்தில் ஒன்றுசேர்கின்றன.

லிடோகெய்ன் ஊசி சில விநாடிகள் எரியும். பிறகு அழுத்துவதும் இழுப்பதும் தெரியும்; கூரிய வலி இருக்காது. பதற்றமானவர்களுக்கு மிடசோலம், ஃபென்டனில் போன்றவற்றைச் சிறிய அளவில் நரம்பு வழியே செலுத்துவோம். அளவைக் கூட்டத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. செயலிழந்த சிறுநீரகத்தால் சில மருந்துகளின் கழிவை வெளியேற்ற முடியாது. மார்பினின் கழிவு உடலில் தேங்கினால் மூச்சே மந்தமாகிவிடும். ஆகவே நான் நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனித்தபடி இருப்பேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் எவருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், வலித்தால் உடனே சொல்லும்படி அவரிடம் கூறுங்கள். மருந்தை இன்னும் கொஞ்சம் செலுத்த முடியும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோலர் பாடுபட்டது அதற்காகத்தான்.