மூன்று நாளில் வாய்த்த மௌனம்

தியானம் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுடைமை அன்று. தம் மனத்தைத் தாமே நோக்கியிருக்கும் பொறுமை உடையோர் எவரும் அதைப் பயிலலாம். புதுச்சேரியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஸ்ரீ அரவிந்தரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவர் வீடுபேற்றை விழைந்து யோகத்தைத் தொடங்கவில்லை. நாட்டின் விடுதலைக்கு வலிமை தேடியே அந்நெறியில் அடி வைத்தார்.

1872 ஆகஸ்ட் 15 அன்று கல்கத்தாவில் பிறந்த அரவிந்த கோஷ், ஏழாம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தை கிருஷ்ணதன கோஷ் மருத்துவர். தம் மக்கள் முழுவதும் ஆங்கில முறையில் வளரவேண்டும் என்று விரும்பியவர். கேம்பிரிட்ஜில் பயின்று 1893இல் தாயகம் திரும்பிய அரவிந்தர், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்றார். அங்கே நாள்தோறும் பல மணி நேரம் பிராணாயாமம் செய்தார். உடல்நலமும் கவிதை வளமும் பெருகின. அதற்குமேல் வழி திறக்கவில்லை. அரசியல் பணி மிகுந்தபோது அப்பயிற்சியும் தடைப்பட்டது.

1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டது. அதன்பின் பரோடா வந்த அரவிந்தர், தம்பி பரீந்திரரின் முயற்சியால் விஷ்ணு பாஸ்கர் லேலே என்னும் மராட்டிய யோகியைச் சந்தித்தார். 1908 ஜனவரியில், ஒரு வீட்டின் மாடி அறையில் இருவரும் தனித்து அமர்ந்தனர். லேலே கற்பித்த முறை எளியது. எதையும் சிந்திக்க முயலாமல் மனத்தை நோக்கியிருத்தல் வேண்டும். எண்ணங்கள் வெளியிலிருந்து வந்து நுழைவது அப்போது புலப்படும். நுழையுமுன் அவற்றை விலக்கிவிட வேண்டும். அரவிந்தர் அச்சொல்லை ஐயுறவும் இல்லை, அதைக் குறித்து வாதிடவும் இல்லை. சொன்னபடி செய்து பார்த்தார். எண்ணங்கள் வெளியிலிருந்து வருவதைக் கண்டார். மூன்று நாட்களில் அவர் மனம் முற்றும் அடங்கியது.

சமண இல்லங்களில் வளர்ந்தோர்க்கு இம்முறை அயலானதாகத் தோன்றாது. உயிரிடத்து வினை வந்து சேர்தலை ஊற்று என்றும், அவ்வரவைத் தடுத்தலைச் செறிப்பு என்றும் சமண நூல்கள் கூறும். வினை என்பது நுண்ணிய புற்கலம். அதனையும் எண்ணத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் வாயிலில் விழித்து நிற்கும் பயிற்சி இரண்டுக்கும் பொது. நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகத்தில் நா மந்திரத்தை உருவேற்ற, மனம் கடைவீதியில் திரியுமானால் அங்கே காவல் இல்லை.

சில நாட்களில் அரவிந்தர் பம்பாயில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. மனத்தில் ஓர் எண்ணமும் எழவில்லை. அவையோரை வணங்கிவிட்டுக் காத்திருக்குமாறு லேலே அறிவுறுத்தினார். அவ்வாறே நின்றபோது பேச்சு தானே வந்தது. மனம் அடங்கினால் செயலும் அடங்கிவிடும் என்ற அச்சம் அன்றோடு நீங்கிற்று.

அதே ஆண்டு முசாபர்பூரில் எறியப்பட்ட வெடிகுண்டால் இரு பெண்கள் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து மே மாதத்தில் அரவிந்தர் கைதாகி, ஓராண்டு அலிப்பூர் சிறையில் இருந்தார். தனிக்கொட்டடியில் தியானம் ஆழ்ந்தது. சித்தரஞ்சன் தாஸ் வாதாடிய அவ்வழக்கில், 1909 மே 6 அன்று குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். எனினும் நாட்டு விடுதலைக்குப் படைக்கலம் ஏந்துவதை அவர் முற்றும் மறுத்தவர் அல்லர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர்க்கு இது உடன்பாடன்று. அதை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுவது வாய்மைக்கும் பொருந்தாது. ஒருவரின் ஒரு பக்கத்தையே முழுமை எனக் கொள்ளாத அநேகாந்தப் பார்வை இங்கே துணை நிற்கும்.

1910 ஏப்ரல் 4 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அவர் கப்பலில் வந்து சேர்ந்தார். பாரதியார் முன்னரே இவ்வூரில் அடைக்கலம் புகுந்திருந்தார். சங்கர செட்டியார் இல்லத்தில் தங்கியிருந்த காலத்தில் அரவிந்தர் இருபத்துமூன்று நாட்கள் உண்ணாதிருந்தார். வழக்கமான வேலைகளையும் விடவில்லை. சமணர்க்கு நோன்பு வினை உதிர்ப்பதற்கான தவம். அவருக்கோ அது ஒரு சோதனை. உடல் மெலிவதைத் தடுக்க இயலவில்லை என்பதைப் பின்னாளில் ஒளிவின்றிக் கூறினார்.

1914 முதல் ஆர்யா இதழில் எழுதினார். 1926 நவம்பர் 24க்குப் பின் ஆசிரமப் பொறுப்பை ஸ்ரீ அன்னையிடம் ஒப்படைத்துத் தனிமை பூண்டார். சாதகர்களின் ஐயங்களுக்குக் கடிதங்களில் விடை எழுதினார். எல்லார்க்கும் ஒரே முறை என்று விதிக்கவில்லை; புதிய சமயம் நிறுவுவது தம் நோக்கமன்று என்பதையும் தெளிவுபடுத்தினார். பரம்பொருளின் அருளை நாடிய அவர் தத்துவம், தன்முயற்சியால் கேவல ஞானம் எய்தும் சமண நெறியினின்றும் வேறானது. ஆயினும் அவருக்கு முதலில் வாய்த்த அந்த மௌனம் எக்கொள்கையையும் ஏற்குமாறு அவரைக் கேட்கவில்லை.

1947இல் நாடு விடுதலை பெற்ற நாள் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளாக அமைந்தது. 1950 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நீங்கியது 1954 நவம்பர் 1 அன்றுதான். அதைக் காண அவர் இல்லை. அகத்தின் விடுதலையை அவர் அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, அன்னியர் ஆட்சியின் கீழ் இருந்துகொண்டே, பரோடா மாடி அறையில் தொடங்கிவிட்டார்.