பலகைத் துடுப்புடன் நீந்திய சிறுவன்: பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் அதிகம் பேசப்படாத பக்கம்

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்பதைக் காற்றாடியின் துணையால் காட்டியவர், இடிதாங்கியை உலகுக்கு அளித்தவர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர் என்றே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நம் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளார். மின்னலை நாடி அவர் காற்றாடி விடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நீரில் விரைவாகச் செல்வதற்கு ஒரு கருவி செய்ய முயன்றார். அவர் செய்தவற்றுள் கைக்கான கருவி ஓரளவு வென்றது. காலுக்கான கருவி தோற்றது. அது தோற்றதற்கு அவர் கண்டறிந்த காரணம், இன்று முக்குளிப்போர் காலில் மாட்டிக்கொள்ளும் நெகிழ்வான துடுப்பின் கதையோடு நேரடியாகத் தொடர்புடையது.

1706 ஜனவரி 17 அன்று பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஜோசையா, விலங்குக் கொழுப்பைக் காய்ச்சி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். இரு மனைவியர் வழியாகப் பிறந்த 17 குழந்தைகளுள், ஆண்மக்களில் கடைசியானவர் பெஞ்சமின். பள்ளிப் படிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிலேயே நின்றுபோக, பத்து வயதில் தந்தையின் பட்டறையில் திரி வெட்டவும் அச்சில் கொழுப்பு ஊற்றவும் தொடங்கினார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மனம் கடலையே நாடியது. முன்பே ஒரு மகன் வீட்டை விட்டுக் கடலோடியாகப் போய்விட்டதால், இவரையும் அனுப்பத் தந்தை உடன்படவில்லை. ஆயினும் வீட்டருகே நீர் இருந்தது. இளம் வயதிலேயே நன்றாக நீந்தவும் படகு செலுத்தவும் கற்றுக்கொண்டார். சிறுவர்கள் கூடிப் படகில் ஏறினால், நெருக்கடி நேரத்தில் அதைச் செலுத்தும் பொறுப்பு பெரும்பாலும் இவரிடமே வந்தது.

அந்தக் காலத்தில்தான், பதினொரு வயதளவில் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது, அவர் இரண்டு நீள்வட்டப் பலகைகளைச் செய்தார். ஒவ்வொன்றும் சுமார் 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்டது. உள்ளங்கையோடு இறுகப் பொருந்துவதற்காகக் கட்டைவிரல் நுழைய ஒரு துளை. ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் தட்டைப் போன்ற தோற்றம். கையை முன்னே நீட்டும்போது பலகையின் விளிம்பு நீரை அறுத்துச் செல்லும். பின்னே இழுக்கும்போது அதன் தட்டையான முகம் நீரைத் தள்ளும். வேகம் கூடியது உண்மை. ஆனால் மணிக்கட்டு விரைவில் சோர்ந்தது. இன்று நீச்சல் வீரர்கள் பயிற்சியின்போது கையில் மாட்டும் பிளாஸ்டிக் தகடுகள் இதே கொள்கையில்தான் செயல்படுகின்றன. தோளும் மணிக்கட்டும் கூடுதல் சுமை தாங்க வேண்டும் என்பதும் மாறவில்லை.

அடுத்து, உள்ளங்காலில் பொருந்தும் ஒருவகைச் செருப்பையும் அவர் செய்துகொண்டார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. பலர் இந்த இடத்தில் பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். ஃபிராங்க்ளின் தம் கால்கள் நீரில் என்ன செய்கின்றன என்று கவனித்தார். நீரைத் தள்ளும் விசை உள்ளங்காலிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் அதில் பங்கு கொள்கின்றன என்று கண்டார். உள்ளங்காலுக்கு மட்டும் பரப்பைக் கூட்டினால் பயன் குறைவாகவே இருக்கும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

அன்று ஐரோப்பியர் பெரும்பாலும் தவளையைப் போலக் கால்களை விரித்து உதைத்தே நீந்தினர். இன்றைய காலடித் துடுப்போ, கால்களை மேலும் கீழுமாக மாறி மாறி அசைக்கும் முறைக்கு உரியது. விறைப்பான பலகையை மேலும் கீழும் அசைத்தால் நீர் மேலும் கீழுமாகவே தள்ளப்படும். துடுப்பு வளைந்து கொடுத்தால் அதன் பரப்பு சாய்கிறது. சாய்ந்த பரப்பு நீரைப் பின்னோக்கித் தள்ள, உடல் முன்னே செல்கிறது. மீனின் வாலும் பறவையின் இறக்கையும் இவ்வாறே இயங்குகின்றன. மீனுக்கு உள்ளதையும் படகுக்கு உள்ளதையும் துடுப்பு என்ற ஒரே சொல்லால் தமிழ் குறிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த வளைவில்தான் இருக்கிறது. படகோட்டியின் துடுப்பு வளையத் தேவையில்லை. மீனின் துடுப்பு வளையாவிட்டால் பயனில்லை. சிறுவன் ஃபிராங்க்ளின் செய்தது படகின் துடுப்பை.

மீனின் துடுப்பைச் செய்வதற்கு ஏற்ற பொருளும் அன்று இல்லை. ஃபிராங்க்ளினின் நெருங்கிய நண்பரான அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டை அழிக்க ரப்பர் பயன்படுவதை 1770இல் ஒரு நூலில் குறிப்பிட்டார். அதாவது, பிற்காலத்தில் நீச்சல் துடுப்பாக மாறவிருந்த பொருள் அன்று எழுதுமேசை மீது ஒரு சிறு கட்டியாகக் கிடந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். காலில் அணியும் ரப்பர் துடுப்புக்கு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியு 1933இல் காப்புரிமை கோரினார். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற ஓவன் சர்ச்சில், அவரிடம் உரிமம் பெற்று 1940இல் அமெரிக்காவில் துடுப்புகளை விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் முக்குளிப்பு வீரர்கள் அவற்றை அணிந்தனர். சிறுவனின் மரப்பலகைக்கும் இதற்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

பலகை கையைச் சோர்வடையச் செய்தது, செருப்பு உதவவில்லை. மூன்றாவதாக, உடல் உழைப்பே இல்லாத ஒரு வழியையும் அவர் முயன்றார். ஏறத்தாழ ஒரு மைல் அகலமுள்ள குளத்தின் கரையில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தவர், அதன் நூலைப் பிடித்தபடியே நீரில் இறங்கி மல்லாந்தார். காற்று அவரை இழுத்துச் சென்றது. உடைகளை மற்றொரு சிறுவன் சுமந்துகொண்டு குளத்தைச் சுற்றி மறுகரைக்குப் போனான். அறுபது வயதைத் தாண்டிய பின், 1773இல், பிரெஞ்சு நண்பர் பார்பே துபூருக்கு எழுதிய கடிதத்தில் இவற்றையெல்லாம் அவர் நினைவுகூர்ந்தார். இவ்வாறே டோவரிலிருந்து கலே வரை ஆங்கிலக் கால்வாயைக் கடப்பதும் இயலாத காரியமன்று என்றும், ஆயினும் பயணப் படகே மேல் என்றும் அதில் எழுதினார்.

பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணனோடு பிணக்கு முற்றவே 1723இல் வீட்டை விட்டு ஓடி பிலடெல்பியாவை அடைந்தார். அச்சுக்கருவிகள் வாங்க உதவுவதாகப் பென்சில்வேனியா ஆளுநர் கூறிய சொல்லை நம்பி லண்டனுக்குக் கப்பலேறினார். வாக்களித்த கடிதங்கள் எதுவும் கப்பலில் இல்லை. பத்தொன்பது வயதைக்கூட எட்டாத இளைஞர், அறிமுகமற்ற பெருநகரில் அச்சகக் கூலியாளாக வாழ நேர்ந்தது. உடன் வேலை செய்தோர் நாள் முழுதும் பீர் அருந்த, இவர் தண்ணீர் மட்டுமே குடித்தார். தண்ணீர் அமெரிக்கர் என்று அவர்கள் கேலிப்பெயர் சூட்டினர். எழுத்துக்கள் அடுக்கிய கனமான அச்சுப்படிவங்களை அவர்கள் இரு கைகளாலும் ஒன்றைத் தூக்க, இவர் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

அந்தத் தண்ணீர் அமெரிக்கரின் வாழ்க்கை தண்ணீராலேயே வேறு திசையில் திரும்பியிருக்கக்கூடும். பிரெஞ்சு அறிஞர் தெவெனோ நீச்சற்கலை குறித்து எழுதிய நூலைப் படித்து, அதிலுள்ள அசைவுகள் அனைத்தையும் ஃபிராங்க்ளின் பழகியிருந்தார். தாமாகவும் சிலவற்றைச் சேர்த்திருந்தார். உடன் பணியாற்றிய ஒருவருக்கும் அவருடைய நண்பருக்கும் இரண்டே முறையில் நீந்தக் கற்றுக் கொடுத்தார். ஒருநாள் நண்பர்களோடு செல்சீ வரை படகில் சென்று திரும்பும்போது, அவர்கள் கேட்டுக்கொள்ள, உடை களைந்து தேம்ஸ் ஆற்றில் குதித்தார். பிளாக்ஃபிரையர்ஸ் வரை, 5 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவை, நீரின் மேலும் கீழும் பலவித வித்தைகள் காட்டியபடியே நீந்தினார்.

செய்தி பரவியது. இங்கிலாந்தின் முன்னாள் நிதியமைச்சர் சர் வில்லியம் விண்டம் அவரை அழைத்து, வெளிநாடு செல்லவிருக்கும் தம் மகன்களுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டினார். நல்ல ஊதியமும் தருவதாகக் கூறினார். ஆனால் அம்மகன்கள் அப்போது லண்டனில் இல்லை. வணிகர் தாமஸ் டென்ஹாமோடு பிலடெல்பியா திரும்ப ஃபிராங்க்ளின் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அழைப்பு சற்று முன்னதாக வந்திருந்தால், லண்டனிலேயே தங்கி நீச்சல் பள்ளி தொடங்கியிருக்கக்கூடும் என்று பின்னாளில் தம் தன்வரலாற்றில் அவரே எழுதினார். 1726 ஜூலையில் கப்பல் புறப்பட்டது. நடுக்கடலில் ஒருநாள் குதித்துக் கப்பலைச் சுற்றி நீந்தினார். மற்றொரு நாள் சுறா தென்பட்டதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

அதன் பிறகான வாழ்க்கை உலகறிந்தது. அச்சகம், செய்தித்தாள், நூலகம், தீயணைப்புக் குழு, மின்சார ஆய்வுகள், தூதர் பணி. கண்டுபிடித்த அடுப்புக்குக் காப்புரிமை தர ஆளுநர் முன்வந்தும் மறுத்தார். பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் பயன்பெறுவது போல நம்முடையதும் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர், முதுமையில் 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார்.

இத்தனைக்கும் நடுவில் நீர் அவரை விடவில்லை. பென்சில்வேனிய இளைஞர்களின் கல்விக்காக 1749இல் வெளியிட்ட திட்டத்தில் நீச்சலையும் சேர்த்தார். வயது கடந்து நீந்தக் கற்க விரும்பிய ஆலிவர் நீவ் என்ற நண்பருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். மார்பளவு நீரில் நின்று, கரையை நோக்கித் திரும்பி, இடையில் ஒரு முட்டையைப் போட்டுவிட்டு, மூழ்கி அதை எடுக்க முயல வேண்டும் என்பது அவர் சொன்ன பயிற்சி. எடுக்கப் போனால் நீர் உடலை மேலே தள்ளும். மூழ்குவதே கடினம் என்பதைக் கற்பவர் உடலாலேயே உணர்ந்துவிடுவார், அச்சம் விலகும். முட்டை ஆழம் குறைந்த பக்கத்தில் கிடப்பதால் ஆபத்தும் இல்லை. பலகையும் செருப்பும் செய்த சிறுவன், முதல் கருவி நீரே என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

ஹாலந்தில் கால்வாய்ப் படகில் சென்றபோது, நீர்மட்டம் குறைந்தால் படகு மெதுவாகச் செல்வதாகப் படகோட்டி சொன்னது அவர் மனத்தில் தங்கியது. லண்டனில் 14 அடி நீளத் தொட்டி ஒன்றைச் செய்து, 6 அங்குலப் பொம்மைப் படகைப் பட்டுநூலால் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு ஷில்லிங் நாணயத்தைத் தொங்கவிட்டு இழுக்கச் செய்தார். ஒன்று முதல் பத்து வரை வேகமாகத் திரும்பத் திரும்ப எண்ணி, பத்துகளை விரல்களில் கணக்கிட்டே நேரத்தை அளந்தார். ஆழம் குறையக் குறையப் படகு தாமதித்தது.

1785இல் பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும்போது அவருக்கு 79 வயது. சிறுநீர்ப்பைக் கல்லின் வலியால் வண்டியின் குலுக்கலைத் தாங்க முடியாமல், கோவேறு கழுதைகள் சுமந்த பல்லக்கில் துறைமுகம் வரை வந்தார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சில நாள் தங்கினார். போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்ற மகன் வில்லியமை அங்கே சந்தித்தார். சொத்துக் கணக்குகள் தீர்க்கப்பட்டன, மனக்கசப்பு தீரவில்லை. தந்தையும் மகனும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை.

அந்த நாட்களில் ஒரு நண்பகல், அவ்வூரில் இருந்த வெந்நீர் உப்புக் குளியல் தொட்டிக்குச் சென்றார். மல்லாந்து மிதந்தவர் அப்படியே உறங்கிவிட்டார். கைவசம் இருந்த கடிகாரத்தின்படி ஏறத்தாழ ஒரு மணி நேரம், மூழ்காமலும் புரளாமலும் நீர் அவரைத் தாங்கியது. வாழ்நாளில் இதற்குமுன் இப்படி நேர்ந்ததில்லை என்று நாட்குறிப்பில் வியந்து எழுதிவைத்தார். பின்னர் கப்பலேறி, வழியெல்லாம் வெப்பமானியை இறக்கி வளைகுடா நீரோட்டத்தின் வெப்பத்தை அளந்தபடி, செப்டம்பர் 14 அன்று பிலடெல்பியா சேர்ந்தார். 1790 ஏப்ரல் 17 அன்று அங்கேயே காலமானார். ஃபுளோரிடாவில் உள்ள சர்வதேச நீச்சல் புகழவை 1968இல் அவரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.