பல மரம் கண்ட தச்சர்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று தமிழ்ப்பள்ளியில் நாம் மனனம் செய்திருக்கிறோம். ஆனால், பல மரம் கண்டு, கண்ட மரங்களையெல்லாம் செதுக்கிய தச்சரும் உண்டு. அவர்தான் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் ஜாக்கி பையர்ட்.

1922ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்த இவர், ஆறு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். பொருளாதார மந்தத்தால் குடும்பம் நொடித்ததும் வகுப்பு நின்றது. ஆனால், இசை நிற்கவில்லை. தந்தையின் டிரம்பெட்டை ஊதிப் பழகினார். 1941இல் இராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது டிராம்போனும் கற்றுக்கொண்டார். 1946இல் விடுவிக்கப்பட்ட பிறகு என்ன செய்தார் தெரியுமா? இசைப் பள்ளிகளின் பாடத்திட்டங்களை வைத்துக்கொண்டு, நூலகப் புத்தகங்களின் துணையோடு தாமே படித்தார்!

1950களில் பாஸ்டன் நகரில் ஹெர்ப் பொமராய் குழுவில் டெனர் சாக்சஃபோன் வாசித்தார். 1959இல் மேனார்ட் ஃபெர்குசன் குழுவில் பியானோவுக்குத் திரும்பினார். 1962 முதல் 1964 வரை சார்ல்ஸ் மிங்கஸின் குழுவில் இருந்த காலமே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

பையர்டின் பியானோவில் ஜாஸின் முழு வரலாறும் ஒலித்தது. இடக்கை தாழ்ந்த சுரத்திற்கும் நடுச்சுரங்களுக்கும் இடையே தாவும் பழைய 'ஸ்டிரைட்' பாணியில் தொடங்குவார். அடுத்த கணமே இலக்கணக் கட்டுகளை அவிழ்த்த புதிய பாணிக்குள் நுழைந்துவிடுவார். இவர் எந்தப் பாணிக்காரர் என்று முத்திரை குத்துவது எளிதாக இல்லை.

இந்தப் பரந்த அறிவு வகுப்பறையில் பெரும் பயன் தந்தது. 1969இல் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரி ஜாஸ் கல்வியைத் தொடங்கியபோது பையர்ட் அங்கு ஆசிரியரானார். அன்று பாடத்திட்டத்தை மட்டும் துணையாகக் கொண்டு படித்தவர், இன்று அதே கல்வியைப் பிறருக்கு வழங்கினார். 'அப்போலோ ஸ்டாம்பர்ஸ்' என்ற தம் பெருங்குழுவை நியூயார்க் கலைஞர்களைக் கொண்டு ஒன்றாகவும், கல்லூரி மாணவர்களைக் கொண்டு மற்றொன்றாகவும் நடத்தினார். பின்னாளில் மேன்ஹட்டன் இசைப் பள்ளியில் அவரிடம் பயின்ற ஜேசன் மோரன், 2001இல் வெளியிட்ட 'பிளாக் ஸ்டார்ஸ்' இசைத்தொகுப்பில் தம் ஆசிரியரின் படைப்பு ஒன்றையும் வாசித்தார்.

அந்த இசையைக் கேட்க ஆசிரியர் உயிரோடு இல்லை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், தம் இல்லத்திலேயே குண்டடிபட்டு இறந்துகிடந்தார். அது எப்படி நேர்ந்தது என்பது துலங்கவே இல்லை.

நண்பர்களே, அந்தப் பழமொழி பொய்யன்று. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்குத் தாவுபவருக்கு அது பொருந்தும். பையர்ட் எதையும் விடவில்லை. முன்பு கற்றதன்மேல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போனார், சேர்த்ததை மாணவருக்குக் கொடுத்தார். வசதியும் வகுப்பும் இல்லாத நாளில் அவருக்குத் திறந்திருந்தது நூலகத்தின் கதவு. அந்தக் கதவு நமக்கும் திறந்தே இருக்கிறது.