திருவானைக்கோவில்காரர் நேரில் போகாத பனி

ஒவ்வொரு பிப்ரவரி 28-ம் தேதியும் நம்ம செமினார் ஹாலில் தலைப்பாகை கட்டிய ஒருத்தர் படத்துக்கு மாலை போடுவோம். வினாடி வினா நடக்கும், சிறப்பு விருந்தினர் பேசுவார், சமோசாவோடு முடிஞ்சிடும். சர் சி.வி.ராமன், ராமன் விளைவு, 1930 நோபல். அதுக்கு மேல கேட்டா நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது, என்னையும் சேர்த்துத்தான். இந்த வருஷம் கேள்வி தயார் பண்ணுற வேலை என் தலையில் விழுந்தது. தேடிக்கொண்டே போனதில் அண்டார்டிகாவில் போய் நின்றேன்.

ஸ்ரீரங்கம் போகிற 1-ம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் வருமே, அந்தத் திருவானைக்கோவில்தான் அவர் பிறந்த ஊர். 1888 நவம்பர் 7, அம்மா பார்வதி அம்மாளின் பிறந்த வீட்டில். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கான தலம் அது. சன்னதிக்குள்ளேயே தண்ணீர் ஊறும். தண்ணீரின் நிறத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அங்கே பிறந்தது தற்செயல்தான். ஆனாலும் திருச்சிக்காரன் ஒருத்தனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அப்பா சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, நாலு வயதில் குடும்பத்தோடு கடற்கரை ஊருக்குப் போனார் ராமன். 11 வயதில் மெட்ரிகுலேஷன், 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. நடுவில் 1906-லேயே, நாம் முதல் செமஸ்டர் அரியரோடு அல்லாடுகிற வயதில், லண்டன் பிலசாபிக்கல் மேகசின் இதழில் கட்டுரை. வெளிநாடு போய்ப் படிக்கலாம் என்றால், இந்த உடம்பு இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நிதித் துறைப் பரீட்சை எழுதி, முதலிடம் பிடித்து, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ஆபீஸுக்கு முன்னாடி கொஞ்ச நேரம், ஆபீஸ் விட்டதும் ராத்திரி வரைக்கும் ஆராய்ச்சி. பத்து வருஷம் இப்படி. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியைக் கொடுத்தபோது, பெரிய அரசாங்கச் சம்பளத்தை விட்டுவிட்டு அதில் பாதியளவு சம்பளத்துக்குப் போனார். வீட்டில் அப்போது என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1921-ல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானம் ஏன் நீலம் என்று விளக்கிய ராலே பிரபுவே, கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று சொல்லி வைத்திருந்தார். ராமனுக்கு அது ஒத்துவரவில்லை. கையில் இருந்த நிக்கல் பட்டகம் ஒன்றை எடுத்தார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவுற்றிருக்கும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்தப் பிரதிபலிப்பு மறைந்துவிடும் (நம்ம ப்ரூஸ்டர் கோணம்தான், முதல் வருஷ பிசிக்ஸ் லேப்). பிரதிபலிப்பு போனதும் கடல் நிறமிழக்கவில்லை, இன்னும் ஆழமான நீலமாகத் தெரிந்தது. அப்போ நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. கப்பல் பம்பாய் துறைமுகத்துக்கு வந்ததும் நேச்சர் இதழுக்குக் கடிதம் போய்விட்டது. அப்போது வயது 32.

தண்ணீரோடு விடவில்லை. 1923-ல் நேச்சரில் பனியாறுகளின் நிறத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் பக்கவாட்டில் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும். ஆனால் வெப்பத்தால் மூலக்கூறுகள் சும்மா நிற்பதில்லை, அந்த ஆட்டம் ஒழுங்கைக் கெடுக்கிறது, அதனால் ஒளி சிதறுகிறது. சிதறினால் நீலம் முந்தும். பனியாற்று நீலத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது அவர் வாதம். கல்கத்தா வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியாற்றைப் பற்றி எழுதியிருக்கிறார், அதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் அது முழுச் சரியா என்றால், இல்லை. துருவப் பனியின் நீலத்துக்கு இன்றைக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் சிதறல் அல்ல, உட்கவர்தல். ஒளி பனிக்குள் மீட்டர் கணக்கில் போகும்போது சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்படுகிறது, நீலம் தப்பிக்கிறது. டம்ளரில் போடும் ஐஸ் துண்டு நிறமில்லாமல் இருப்பதும், நீளமான பாதை அதற்குள் இல்லை என்பதால்தான். கடலுக்கும் இதே கதை, அங்கே சிதறலுக்கும் பங்கு உண்டு. சிவப்பைச் சாப்பிடுவது எது? நீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஸ்பிரிங் மாதிரி இழுபடும் அதிர்வின் மேல்சுரங்கள். அதே அதிர்வுதான் தண்ணீரின் ராமன் நிறமாலையில் 3400 அலையெண் பக்கத்தில் அகலமான மேடாக எழுகிறது. விட்டுப்போன பாதி விடை அவர் பேரிலேயே இருந்திருக்கிறது!

அந்தப் பேர் வந்தது 1928 பிப்ரவரி 28-ல். மாணவர்கள், குறிப்பாக கே.எஸ்.கிருஷ்ணன், கூட இருந்து செய்த வேலை. சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி, கோடியில் ஒரு ஃபோட்டான் அளவுக்கு, நிறம் மாறி வருகிறது. மாறிய அளவு அந்த மூலக்கூறின் அதிர்வைக் காட்டிக்கொடுக்கிறது. பிறகு நோபல், 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். அங்கே அவர் நடந்துகொண்டதெல்லாம் மாலை போடும் விஷயமில்லை. கமலா சோஹோனிக்குப் பெண் என்பதால் இடம் மறுத்தார். அவர் விடாமல் போராடிய பிறகு ஒரு வருஷம் சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார். இதையும் வினாடி வினாவில் கேட்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். 1937-ல் இயக்குநர் பதவி போனது, 1948-ல் சொந்தமாக ராமன் ஆராய்ச்சி நிலையம். 1970 நவம்பர் 21-ல் காலமானார்.

இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணம் கோவாவிலிருந்து கிளம்பியது 1981 டிசம்பரில். அவர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் விளைவு அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. அண்டார்டிகாவின் ஆழமான பனியில் அழுத்தம் தாங்காமல் காற்றுக் குமிழிகள் மறைந்து, காற்று பனிக்கூட்டுக்குள் சிறைப்பட்ட படிகங்களாகிவிடும். பழைய வளிமண்டலம் அதற்குள் இருக்கிறது. உருக்கினால் எல்லாம் கலந்துபோகும். லேசரைப் பாய்ச்சி ராமன் நிறமாலை எடுத்தால், உருக்காமலேயே எந்தப் படிகத்தில் நைட்ரஜன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கலாம். தென் துருவத்தில் நியூட்ரினோவைத் தேடியவர்கள் முதலில் 800 முதல் 1000 மீட்டர் ஆழத்தில் உணரிகளை இறக்கி, குமிழிகளால் ஏமாந்தார்கள். குமிழி மறைந்த ஆழத்துக்குப் போனதும் பனி கண்ணாடியை விடத் தெளிவாக இருந்தது. இன்று ஐஸ்கியூப்பின் 5160 உணரிகள் 1450 மீட்டருக்குக் கீழே அங்கேதான் தொங்குகின்றன.

வட துருவப் பக்கம் நம்ம ஹிமாத்ரி நிலையம் 2008-ல் திறந்த நி-ஓலசுண்ட் கிராமத்தில், ஜெர்மன்காரர்கள் ஒரு ராமன் லிடார் வைத்திருக்கிறார்கள். வானத்தை நோக்கி லேசர் விட்டு, திரும்பி வரும் ராமன் ஒளியை வைத்து மேலே தூசும் ஈரமும் எவ்வளவு என்று அளப்பார்கள். கோடியில் ஒன்று என்கிற சிக்னலுக்குப் பகல் வெளிச்சம் பெரிய எதிரி. அங்கே அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் எட்டிப்பார்க்கும், அதனால் அந்த நீண்ட இருட்டு லிடாருக்கு நல்ல சீசன். ராமனும் கிருஷ்ணனும் அந்த ஒளியை முதலில் தேடியது கல்கத்தா வெயிலை லென்ஸால் குவித்து.